நான்காவது செட்டில் யாருக்குத் தெம்பு மிச்சமிருக்கிறது?

2025 அக்டோபர் 12 அன்று ஷாங்காய் மாஸ்டர்ஸ் டென்னிஸ் கோப்பையைத் தூக்கியவர் மொனாக்கோவைச் சேர்ந்த வேலன்டின் வாஷெரோ. உலகத் தரவரிசையில் அவர் அப்போது 204-ஆவது இடத்தில் இருந்தார். தகுதிச்சுற்றில் ஆடும் வாய்ப்பே காத்திருப்போர் பட்டியலிலிருந்துதான் கிடைத்தது. அப்படி உள்ளே வந்தவர் அரையிறுதியில் நோவாக் ஜோகோவிச்சை 6-3, 6-4 என்று வீழ்த்தினார். இறுதியில் தன் ஒன்றுவிட்ட சகோதரரான ஆர்தர் ரிண்டர்க்னெக்கிடம் முதல் செட்டை இழந்து, அடுத்த இரண்டையும் எடுத்து வென்றார். மாஸ்டர்ஸ் பட்டம் வென்றவர்களிலேயே மிகவும் பின்தங்கிய தரவரிசையில் இருந்தவர் அவர்தான். அன்று இருவரும் வலைக்கருகில் கட்டிப்பிடித்து நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. டென்னிஸ் தரும் மிக நல்ல காட்சிகளில் அது ஒன்று.

ஆனால் அன்றிரவே ஒரு கேள்வியும் மனதில் ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றை, அதாவது ஒரு கிராண்ட்ஸ்லாமை, வாஷெரோவால் இதே போல வென்றிருக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். அவருடைய திறமையைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. அவற்றுக்கு அடுத்த நிலையில் உள்ள மாஸ்டர்ஸ் போட்டிகளும் கிராண்ட்ஸ்லாம் போட்டிகளும் பார்க்க ஒரே ஆட்டமாகத் தெரிந்தாலும், உண்மையில் அவை இரண்டு வெவ்வேறு தேர்வுகள். ஒன்றில் அதிகபட்சம் மூன்று செட், இரண்டை எடுத்தவருக்கு வெற்றி. மற்றொன்றில் அதிகபட்சம் ஐந்து செட், மூன்றை எடுத்தவருக்கு வெற்றி. ஆடவர் டென்னிஸில் அடுத்த சாம்பியன் யார் என்று பேசும்போது நாம் பெரும்பாலும் முதல் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு இரண்டாவது தேர்வின் முடிவைக் கணிக்கிறோம். அதனால்தான் கணிப்புகள் திரும்பத் திரும்பப் பொய்க்கின்றன.

2025-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளலாம். ஒன்பது மாஸ்டர்ஸ் போட்டிகளில் ஏழு வெவ்வேறு சாம்பியன்கள். இண்டியன் வெல்ஸில் ஜேக் டிரேப்பர், மயாமியில் 19 வயது யாகுப் மென்சிக், மாட்ரிட்டில் கேஸ்பர் ரூட், டொரோன்டோவில் பென் ஷெல்டன், ஷாங்காயில் வாஷெரோ. இந்த ஐவருக்கும் அது முதல் மாஸ்டர்ஸ் பட்டம். மான்டே கார்லோ, ரோம், சின்சினாட்டி மூன்றும் கார்லோஸ் அல்காரஸுக்கு. பாரிஸ் யானிக் சின்னருக்கு. அதே ஆண்டு நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் சேர்த்து வென்றவர்கள் இரண்டே பேர்: சின்னர் இரண்டு, அல்காரஸ் இரண்டு. 2024-லும் இதே கணக்குதான். இரண்டு ஆண்டுகள், எட்டுக் கோப்பைகள், ஆளுக்கு நான்கு.

இதில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அந்த மாஸ்டர்ஸ் போட்டிகளில் பலவற்றில் இருவரும் ஒன்றாக ஆடவே இல்லை. ஊக்கமருந்து விவகாரத்தில் விதிக்கப்பட்ட மூன்று மாதத் தடையால் சின்னர் பிப்ரவரி முதல் மே தொடக்கம் வரை ஒதுங்கியிருந்தார். காயத்தால் அல்காரஸ் மாட்ரிட்டில் ஆடவில்லை. டொரோன்டோவுக்கு இருவருமே வரவில்லை. ஷாங்காயில் அல்காரஸ் இல்லை. சின்னர் தசைப்பிடிப்பால் பாதி ஆட்டத்தில் விலகினார். ஆகவே ஐந்து புதிய சாம்பியன்கள் என்ற எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் மயாமியில் அல்காரஸ் தன் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். பாரிஸ் மாஸ்டர்ஸிலும் அப்படியே. ஐந்து செட் ஆட்டத்தில் அவரை அப்படி முதல் வாரத்தில் வெளியேற்றுவது மிகக் கடினம். ஏன் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது.

ஒரு வீரர் தன் எதிராளியிடம் ஒரு செட்டை வெல்லும் வாய்ப்பு 100-க்கு 60 என்று வைத்துக்கொள்வோம். மூன்று செட் ஆட்டத்தில் அவர் வெல்லும் வாய்ப்பு 65-ஐ நெருங்கும். ஐந்து செட் என்றால் 68-ஐத் தாண்டும். வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இப்போது செட்டை வெல்லும் வாய்ப்பு 100-க்கு 80 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதாவது ஏறக்குறைய அல்காரஸ், சின்னர் போன்றவர்கள் சாதாரண எதிராளியிடம் நிற்கும் நிலை. மூன்று செட்டில் அவருக்கு 90. ஐந்து செட்டில் 94. இதுவும் சிறிய வித்தியாசம்தான். ஆனால் கிராண்ட்ஸ்லாம் பட்டம் வெல்ல ஏழு ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். ஏழு முறை பெருக்கிப் பார்த்தால் மூன்று செட் போட்டியில் அவர் கோப்பையைத் தூக்கும் வாய்ப்பு 46; ஐந்து செட் போட்டியில் 66. ஒவ்வோர் ஆட்டத்திலும் நான்கைந்து சதவீதமாக இருந்தது, இரண்டு வார முடிவில் இருபது சதவீதமாகிவிடுகிறது.

நீண்ட ஆட்டத்தில் எதுவும் நடக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஆட்டம் நீள நீள, தற்செயலுக்கு இடம் குறைகிறது. ஒரு மோசமான அரை மணி நேரம், காற்றில் விலகிய நான்கு பந்துகள், எதிராளி கண்ணை மூடிக்கொண்டு அடித்தும் கோட்டில் விழுந்த இரண்டு ஃபோர்ஹேண்ட் ஆகியவை மூன்று செட் ஆட்டத்தை முடித்துவிடும். ஐந்து செட்டில் அவை ஒரு செட்டை மட்டுமே எடுத்துச் செல்லும். 2025 அமெரிக்க ஓபனில் அரையிறுதியில் தோற்ற பிறகு ஜோகோவிச் இதைத்தான் வெளிப்படையாகச் சொன்னார்: மூன்று செட் என்றால் அல்காரஸ், சின்னர் இருவரிடமும் தனக்கு வாய்ப்பு உண்டு, ஐந்து செட்டில் மிகவும் கடினம் என்று. 38 வயதை எட்டிய அந்த ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் அரையிறுதி வரை வந்தவர் சொன்ன சொல் அது. அதற்குமேல் அத்தாட்சி தேவையில்லை.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு விஷயத்தை மறைக்கிறது. நான்காவது செட்டும் முதல் செட்டைப் போன்றதே என்று அது எடுத்துக்கொள்கிறது. டென்னிஸ் ஆடியவர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மூன்றரை மணி நேரம் ஓடிய பிறகு வருவது வேறு ஆட்டம். கால் பந்துக்கு அரை அடி தாமதமாகப் போகும். சர்வின்போது பந்தை மேலே எறியும் கை கொஞ்சம் தாழும். தெரிந்த அடியையே அடிக்கலாமா வேண்டாமா என்று மனம் தயங்கும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பது பயிற்சியாளர் சொல்லி வருவதல்ல. சித்திரமும் கைப்பழக்கம் என்பது போல, அதுவும் ஆடி ஆடித்தான் வரும். இன்றைய இளம் வீரர்களுக்கு அதை ஆடிப் பழக இடமே இல்லாமல் செய்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

பழகிய இடங்கள் பறிபோன கதை

இருபது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை இப்படி இல்லை. மாஸ்டர்ஸ் இறுதிப்போட்டிகளில் பெரும்பாலானவை ஐந்து செட். அந்த ஆண்டின் முன்னணி எட்டுப் பேர் மட்டும் ஆடும் ஆண்டிறுதிப் போட்டியின் இறுதி ஆட்டம் ஐந்து செட். நாடுகள் அணிகளாக மோதும் டேவிஸ் கோப்பையின் ஒற்றையர் ஆட்டங்கள் ஐந்து செட். ஒலிம்பிக் இறுதியும் ஐந்து செட். ஒரு வீரர் கிராண்ட்ஸ்லாம் இறுதிக்கு வருவதற்குள் அந்தக் கிணற்றின் ஆழத்தைப் பல இடங்களில் பார்த்திருப்பார்.

ரஃபேல் நடாலின் 2005-ஆம் ஆண்டைப் பாருங்கள். ஏப்ரலில், 18 வயதில், மயாமி இறுதியில் ரோஜர் ஃபெடரரை எதிர்த்து முதல் இரண்டு செட்களை வென்றார். மூன்றாவது செட்டில் முன்னிலையும் பெற்றார். பிறகு, 6-6 என்று சமனானால் செட்டை முடித்துவைக்கும் டை-பிரேக்கில் அந்த செட்டை இழந்து, அடுத்த இரண்டையும் 6-3, 6-1 என்று பறிகொடுத்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஒரே மாதம் கழித்து ரோம் இறுதியில் கில்லெர்மோ கோரியாவை ஐந்து மணி 14 நிமிடம் ஆடி, ஐந்தாவது செட் டை-பிரேக்கில் 8-6 என்று வென்றார். பிரெஞ்சு ஓபனை முதன்முறையாக அவர் வென்றது அதற்குப் பிறகுதான். அக்டோபரில் மாட்ரிட் உள்ளரங்கில் இவான் லூபிசிச்சிடம் இரண்டு செட் பின்தங்கி, அங்கிருந்து எழுந்து வென்றார். ஒரே ஆண்டில், கிராண்ட்ஸ்லாமுக்கு வெளியே, மூன்று ஐந்து செட் இறுதிகள். ஒன்றில் தோல்வி, இரண்டில் வெற்றி. பின்னாளில் பிரெஞ்சு ஓபன் நடக்கும் ரோலண்ட் கேரோஸில் 14 கோப்பைகள், 112 வெற்றிக்கு 4 தோல்வி என்று நின்ற அந்த மனிதருக்கு இவையெல்லாம் பள்ளிக்கூடங்கள்.

அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்டதற்குக் காரணமும் ஒரு மகத்தான ஆட்டமே. 2006 மே மாதம் ரோம் இறுதியில் நடாலும் ஃபெடரரும் ஐந்து மணி ஐந்து நிமிடம் மோதினார்கள். ஒரே புள்ளியில் ஆட்டத்தை முடிக்கும் வாய்ப்பு, அதாவது மேட்ச் பாயின்ட், ஃபெடரர் கையில் இரண்டு இருந்தும் நடால் ஐந்தாவது செட் டை-பிரேக்கில் வென்றார். மறுநாளே ஹாம்பர்க் மாஸ்டர்ஸ் தொடங்க வேண்டியிருந்தது. உடல் ஓய்ந்துபோய் இருவரும் விலகிக்கொண்டார்கள். டிக்கெட் வாங்கியவர்களுக்கும் தொலைக்காட்சிக்கும் அது பேரிழப்பு. 2007 மயாமியில்தான் கடைசி ஐந்து செட் மாஸ்டர்ஸ் இறுதி நடந்தது. அதே ஆண்டோடு ஆண்டிறுதிப் போட்டியிலும் அது நின்றது. டேவிஸ் கோப்பை 2019-இல் மூன்று செட்டுக்கு மாறியது. ஒலிம்பிக் இறுதி, 2016 ரியோவில் ஆண்டி முர்ரே வென்றதோடு சரி. டோக்கியோவில் மூன்று செட்தான். இப்படி ஒவ்வொன்றாகக் கழன்று, இப்போது ஆண்டுக்கு நான்கு போட்டிகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

டேவிஸ் கோப்பையில் ஐந்து செட் போனது எனக்குத் தனியாக வலிக்கிறது. இந்தியாவில் டென்னிஸ் என்ற விளையாட்டைப் பெரிய கதையாக்கிய ஆட்டங்கள் பலவும் அதில்தான் நடந்தன. 1966-இல் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான மோதல் 2-2 என்று நிற்க, கடைசி ஆட்டத்தில் ராமநாதன் கிருஷ்ணன் பிரேசில் வீரர் தாமஸ் கோச்சைச் சந்தித்தார். கோச் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னிலை. நான்காவது செட்டில் 5-2. இன்னும் ஒரு கேம் எடுத்தால் பிரேசில் இறுதிக்குப் போய்விடும். கிருஷ்ணன் அங்கிருந்து அந்த செட்டை 7-5 என்றும், ஐந்தாவதை 6-2 என்றும் எடுத்தார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குச் சென்றது. அதற்கு முன் 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி ஆடியவர் அவர். மெல்லிய தொடுகையும் பொறுமையும்தான் அவருடைய ஆயுதம். பலத்த சர்வ் கிடையாது. அவரைப் போன்ற ஆட்டக்காரருக்கு எதிராளியைப் படித்து முடிக்க நேரம் வேண்டும். ஐந்து செட் அந்த நேரத்தைக் கொடுத்தது. இன்றைய மூன்று செட் டேவிஸ் கோப்பையாக இருந்திருந்தால், நான்காவது செட்டே வந்திருக்காது. கோச் கைகுலுக்கிவிட்டுப் போயிருப்பார்.

ஸ்வெரேவின் இரண்டு வாழ்க்கைகள்

இந்த மாற்றத்தின் விலையை ஒரே வீரரில் பார்க்க வேண்டுமென்றால் அலெக்சாண்டர் ஸ்வெரேவைப் பார்க்க வேண்டும். 2017-இல் 20 வயதில் ரோம் இறுதியில் ஜோகோவிச்சை நேர் செட்களில் வென்றார். அன்று தொடங்கி 2025 முடிவு வரை ஏழு மாஸ்டர்ஸ் பட்டங்கள், இரண்டு ஆண்டிறுதிப் பட்டங்கள், டோக்கியோ ஒலிம்பிக் தங்கம். இவை எல்லாமே மூன்று செட் ஆட்டங்களில் வந்தவை. அதே காலத்தில் கிராண்ட்ஸ்லாமில் மூன்று முறை இறுதிக்கு வந்தும் கோப்பை இல்லை.

அந்த மூன்றில் முதலாவது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 2020 அமெரிக்க ஓபன். கொரோனா காலம், 23,000-க்கும் மேற்பட்டோர் அமரும் ஆர்தர் ஆஷ் அரங்கம் காலியாகக் கிடந்தது. ஒரு பந்து வலையில் உரசினாலும் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. ஸ்வெரேவ் 6-2, 6-4 என்று இரண்டு செட் முன்னிலை. மூன்றாவதிலும் டொமினிக் தீமின் சர்வை உடைத்தார், அதாவது தீம் சர்வ் செய்த கேமை வென்றார். அப்போது ஆட்டம் மூன்று செட் என்றால் முடிந்து, அவர் வீட்டுக்குப் போய் நெடுநேரம் ஆகியிருக்கும். தீம் மெல்ல எழுந்தார். ஐந்தாவது செட்டில் 5-3 என்ற நிலையில் கோப்பைக்காக சர்வ் செய்யும் வாய்ப்பு ஸ்வெரேவுக்கு வந்தது. வீணானது. தீமுக்கும் அதே வாய்ப்பு 6-5-இல் வந்தது. அவராலும் முடிக்க முடியவில்லை. கால் பிடித்து நொண்டிக்கொண்டிருந்தவர் தீம். ஆனால் டை-பிரேக்கில் ஸ்வெரேவின் இரண்டாவது சர்வைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. பலமாக அடித்தால் வெளியே போகும் என்ற பயத்தில் வெறுமனே பந்தைத் தள்ளிவிட்டார். அந்தத் தோள் அரங்கமே அதிர சர்வ் செய்யும் தோள். 8-6 என்று தீம் வென்றார்.

ஸ்வெரேவ் ஐந்து செட் ஆடத் தெரியாதவர் அல்லர். அந்த இறுதிக்கு முந்தைய ஆட்டத்திலேயே கரேனோ புஸ்டாவிடம் இரண்டு செட் பின்தங்கி மீண்டு வந்தார். 2018 பிரெஞ்சு ஓபனில் அடுத்தடுத்து மூன்று ஐந்து செட் ஆட்டங்களை வென்றார். ஆனால் காலிறுதிக்கு வந்தபோது உடலில் எதுவும் மிச்சமில்லை. தீமிடம் எளிதில் தோற்றார். அவருக்கு இல்லாதது வேறு: ஐந்தாவது செட்டில், பட்டத்துக்கான கேமில், ‘இங்கே ஏற்கெனவே வந்திருக்கிறேன்’ என்ற நினைவு. 2024 பிரெஞ்சு ஓபன் இறுதியில் அல்காரஸை எதிர்த்து இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலை பெற்றார். கடைசி இரண்டு செட்களும் 6-1, 6-2 என்று போயின. மூன்றாவது இறுதி, 2025 ஆஸ்திரேலிய ஓபன். சின்னரிடம் நேர் செட்களில் தோல்வி. அவருக்காக நான் வருந்துகிறேன். 2005-இன் அட்டவணையில் ஆடியிருந்தால், அந்த ஏழு மாஸ்டர்ஸ் இறுதிகளில் நான்கைந்தாவது அவருக்கு அந்த நினைவைக் கொடுத்திருக்கும். தோல்வியாகவே இருந்தாலும் கொடுத்திருக்கும்.

ஸ்வெரேவ் தனி மனிதரல்ல. டேனியல் மெத்வதேவ் ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் இரண்டு முறை இரண்டு செட் முன்னிலையை இழந்திருக்கிறார்: 2022-இல் நடாலிடம், 2024-இல் சின்னரிடம். ஸ்டெஃபனோஸ் சிட்சிபாஸ் 2021 பிரெஞ்சு ஓபனில் ஜோகோவிச்சிடம் அதையே செய்தார். ஒரு தலைமுறையே முதல் இரண்டு செட்களில் வென்று, அடுத்த மூன்றில் தோற்றிருக்கிறது. எதிரே நின்றவர்கள் பெரியவர்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பெரியவர்கள் எங்கே பழகியவர்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பாரிஸில் ஒரு புள்ளி வித்தியாசம்

அப்படியானால் அல்காரஸுக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்கலாம். அவர் மிச்சமிருந்த நான்கு இடங்களிலேயே, மிகச் சிறிய வயதில், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டார். 2022 அமெரிக்க ஓபனில் 19 வயதில் மரின் சிலிச், சின்னர், ஃபிரான்சிஸ் டியாஃபோ என்று தொடர்ந்து மூன்று ஐந்து செட் ஆட்டங்கள். சின்னருடனான காலிறுதி ஐந்தேகால் மணி நேரம் நீண்டு அதிகாலை 2.50-க்கு முடிந்தது, அதில் சின்னருக்கு ஒரு மேட்ச் பாயின்ட்டும் இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் அல்காரஸ் கற்றதை மற்றவர்கள் பத்து ஆண்டுகளில் கற்கவில்லை. 2025 முடிவு வரை ஐந்தாவது செட்டுக்குப் போன ஆட்டங்களில் அவர் தோற்றது ஒரே முறை, 2022 ஆஸ்திரேலிய ஓபனில் மத்தேயோ பெரெட்டினியிடம்.

2025 ஜூன் 8 ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி மாலை ஆறரைக்குத் தொடங்கிய பிரெஞ்சு ஓபன் இறுதி, நள்ளிரவைத் தாண்டி முடிந்தது. சின்னர் முதல் இரண்டு செட்களையும் எடுத்தார். இரண்டு செட் பின்தங்கிய நிலையிலிருந்து அல்காரஸ் அதுவரை ஓர் ஆட்டத்தைக்கூட வென்றதில்லை. நான்காவது செட், சின்னர் 5-3. அல்காரஸின் சர்வ், 0-40. மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். தொலைக்காட்சியின் ஒலியை முழுவதுமாகக் குறைத்துவிட்டு நான் நின்றுகொண்டே பார்த்தேன். அல்காரஸின் முகத்தில் பதற்றம் இல்லை. இரண்டு சர்வுக்கு இடையே பந்தைத் தரையில் தட்டும் வேகம்கூட மாறவில்லை. மூன்றும் போயின. கேம் அவருக்கு. அடுத்து கோப்பைக்காக சர்வ் செய்த சின்னரையும் உடைத்தார். டை-பிரேக்கில் நான்காவது செட்.

ஐந்தாவது செட்டில் நடந்ததைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். இப்போது 5-4 என்று கோப்பைக்காக சர்வ் செய்தவர் அல்காரஸ். நான்கரை மணி நேரத்துக்கு மேல் ஆடி, கையிலிருந்த கோப்பையைத் தவறவிட்ட சின்னர், அந்த சர்வை உடைத்தார். 6-5 என்று முன்னிலையும் பெற்றார். அவரை மனவலிமை இல்லாதவர் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அந்த ஒரு கேமைப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். கடைசியில் பத்துப் புள்ளி டை-பிரேக். அதில் அல்காரஸ் முதல் ஏழு புள்ளிகளையும் அள்ளினார். அடித்த ஃபோர்ஹேண்ட் ஒவ்வொன்றும் முதல் செட்டில் அடிப்பதைப் போலப் பறந்தது. 10-2. மொத்தம் ஐந்து மணி 29 நிமிடம். அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே நீண்ட இறுதி. ஆட்டம் முழுவதும் சேர்த்து அல்காரஸ் வென்ற புள்ளிகள் 192. சின்னர் வென்றவை 193.

அந்த ஒரு புள்ளிக் கணக்கு முன்பு சொன்ன சதவீதக் கணக்கை அழகாக முழுமையாக்குகிறது. வல்லவர்களை மேலே கொண்டுவருவது ஐந்து செட்டின் கணிதம். இரண்டு வல்லவர்கள் சந்தித்தால், அந்தக் கணிதம் கைவிட்டுவிடும். அங்கே முடிவு செய்வது ஐந்தாவது மணி நேரத்தில் மிச்சமிருக்கும் கால்களும் நெஞ்சும்தான். ஐந்து வாரம் கழித்து விம்பிள்டன் இறுதியில், முதல் செட்டை இழந்த பிறகும் சின்னர் அடுத்த மூன்றையும் 6-4 என்று எடுத்து வென்றார். பாரிஸ் அவருக்கும் பள்ளிக்கூடமாகிவிட்டது என்பது என் எண்ணம்.

இந்த இருவருக்கு அடுத்து யார்? மாஸ்டர்ஸ் பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு, நீண்ட ஆட்டங்களில் உடல் என்ன செய்தது என்று பார்த்தால் படம் மாறிவிடுகிறது. டிரேப்பர் எனக்கு மிகப் பிடித்த ஆட்டக்காரர். அவருடைய இடது கை சர்வ் ஒரு பெரிய சொத்து. ஆனால் 2025 ஆஸ்திரேலிய ஓபனில் தொடர்ந்து மூன்று ஐந்து செட் ஆட்டங்களை வென்றுவிட்டு, அல்காரஸுக்கு எதிரே இரண்டு செட்டோடு விலகினார். லொரென்சோ முசெட்டி அதே ஆண்டு பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில் அல்காரஸிடம் முதல் செட்டை வென்றவர். நான்காவதைத் தொடரக் கால் இடம் தரவில்லை. ஷெல்டன் அமெரிக்க ஓபனில் தோள் வலியோடு வெளியேறினார். ரூட் மூன்று கிராண்ட்ஸ்லாம் இறுதி கண்டவர். அடிகளில் அந்தக் கடைசிப் பலம் போதவில்லை. டெய்லர் ஃபிரிட்ஸ் விம்பிள்டன் அரையிறுதியில் நான்காவது செட் டை-பிரேக்கில் 6-4 என்று முன்னிலை பெற்று, அல்காரஸை ஐந்தாவது செட்டுக்கு இழுக்க இரண்டு வாய்ப்புகளைக் கையில் வைத்திருந்தார். இரண்டும் நழுவின. இப்போதைக்கு மற்றவர்களில் அருகே வந்து நிற்பவர் அவர்தான். ஆனால் 2025-இலேயே அவருக்கு 28 வயதாகிவிட்டது.

இளையவர்களில் மென்சிக்கையும் பிரேசிலின் ஜோவோ ஃபொன்சேகாவையும் நான் கவனித்து வருகிறேன். ஃபொன்சேகா 2025 ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில், 18 வயதில், அப்போது முதல் பத்தில் இருந்த ஆண்ட்ரே ருப்லெவை நேர் செட்களில் வென்றார். அந்த ஃபோர்ஹேண்டின் சத்தமே தனி. ஆனால் மூன்று செட்டில் தெறித்து அடிப்பதை வைத்து அவரை அடுத்த சாம்பியன் என்று அறிவிக்க நான் தயாராக இல்லை.

ஐந்து செட் இறுதியைத் திரும்பக் கொண்டுவரலாம்

கிராண்ட்ஸ்லாமையும் மூன்று செட்டாக்கிவிடலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. அட்டவணை நெருக்கடி, காயங்கள், ரசிகர்களின் பொறுமை ஆகியவை காரணமாகச் சொல்லப்படுகின்றன. காயங்கள் என்ற காரணத்தை நான் மதிக்கிறேன். 2008 ஜனவரியில் சென்னை நுங்கம்பாக்கம் அரங்கில் நடாலும் கார்லோஸ் மோயாவும் ஆடிய அரையிறுதி எனக்கு நினைவிருக்கிறது. மூன்று செட் ஆட்டம்தான்; மூன்றும் டை-பிரேக்கில் போய் நான்கு மணி நேரத்தை நெருங்கியது. நடால் நான்கு மேட்ச் பாயின்ட்களைத் தாண்டி வென்றார். மறுநாள் இறுதியில் மிகயில் யூஷ்னியிடம் அவர் தோற்றது 6-0, 6-1 என்று. 21 வயது நடாலுக்கே ஓர் இரவு போதவில்லை. ஓய்வு நாள் இல்லாமல் நீண்ட ஆட்டம் வைப்பது வீரர்களுக்கு இழைக்கும் கொடுமை; 2006 ரோமில் நடந்ததும் அதுதான்.

ஆனால் இன்று மாஸ்டர்ஸ் போட்டிகளின் வடிவமே மாறிவிட்டது. மாட்ரிட், ரோம், ஷாங்காய் 2023 முதலும், கனடா, சின்சினாட்டி 2025 முதலும் ஏறக்குறைய இரண்டு வாரப் போட்டிகளாகிவிட்டன. ஆட்டங்களுக்கு இடையே ஓய்வு நாட்கள் வருகின்றன. இந்த நீட்சியை வீரர்கள் பலரும் குறைகூறுகிறார்கள். வீட்டுக்குப் போக நாள் இல்லை என்கிறார்கள். நியாயம்தான். அதே பன்னிரண்டு நாளை வைத்துக்கொண்டு இறுதி ஆட்டத்தை மட்டும் ஐந்து செட்டாக்குவதில் 2006-இன் தடை எதுவும் இப்போது இல்லை. ஒன்பதிலும் வேண்டாம். ரோமில் தொடங்கலாம், பிரெஞ்சு ஓபன் முதல் ஆட்டத்துக்கு ஒரு வார இடைவெளி இருக்கிறது. ஷாங்காயில் வைக்கலாம், அதற்குப் பிறகு அந்த ஆண்டு கிராண்ட்ஸ்லாம் ஏதும் இல்லை. வாஷெரோவும் ரிண்டர்க்னெக்கும் இன்னும் இரண்டு செட் ஆடியிருந்தால் அந்த மாலை என்னவாகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். முடிவில் ரிண்டர்க்னெக்குக்குத் தசைப்பிடிப்பு. வாஷெரோவுக்கும் உடம்பு தளர்ந்திருந்தது. யாருக்குத் தெம்பு மிச்சமிருந்தது என்று நமக்குத் தெரியவே இல்லை.

அடுத்த பருவத்தில் மென்சிக்கோ ஃபொன்சேகாவோ ஒரு கிராண்ட்ஸ்லாம் ஆட்டத்தில் மூன்று மணி நேரத்தைத் தாண்டும்போது, நான் ஃபோர்ஹேண்டைப் பார்க்கப் போவதில்லை. 30-40 என்று பின்தங்கிய நிலையில் முதல் சர்வ் வலையில் விழுந்த பிறகு, அந்தப் பையன் இரண்டாவது பந்தை எவ்வளவு உயரமாக எறிகிறான், அதை அடிக்கிறானா, தள்ளிவிடுகிறானா என்றுதான் பார்க்கப் போகிறேன்.